670 ஏன் தோற்றது? போகிமான் டியர் லிஸ்ட்டை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு

சத்துவாச்சாரியில் அக்கா வீட்டு மொட்டை மாடி. வேலூர் வெயிலைத்தான் தெரியுமே, ஏப்ரல் மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கும் தரை சுடும். தண்ணீர் தெளித்து, பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த அக்கா மகன் போனை என் பக்கம் நீட்டினான். முகம் வாடிப்போயிருந்தது.

"இன்னா சித்தி இது? என்னுது 670 கீது. அவனுது வெறும் 510. ஒரு அடிகூட அடிக்க விடாம முடிச்சிட்டான்."

அவன் ஆடியது போகிமான் ஷோடவுன். பிரௌசரிலேயே காசில்லாமல் ஆடலாம். சண்டை போடும் கற்பனை உயிரினங்களான போகிமான்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து ஓர் அணி கட்டி, உலகத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு மோதவேண்டும். இவன் அணி கட்டிய விதம் எளிது. பட்டியலை மொத்த எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, ஆட அனுமதி உள்ளவற்றில் மேலே இருந்த ஆறைப் பிடித்துப் போட்டுவிட்டான். புதிதாக வருகிற எல்லோரும் முதலில் செய்வது இதுதான். அதனால் அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 670 என்ன என்று பார்த்துவிடுவோம். ஒவ்வொரு போகிமானுக்கும் ஆறு அடிப்படை எண்கள் உண்டு: உயிர், அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீடு. உடம்பால் மோதும் அடிகளுக்கு அட்டாக்கும் டிஃபென்ஸும் கணக்கு. நெருப்பு, மின்சாரம், பனி என்று தூரத்திலிருந்து வீசுபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பெஷல் இரண்டும் கணக்கு. இந்த ஆறையும் கூட்டினால் வருவதுதான் மொத்தம். பையன் வைத்திருந்தது ஸ்லாக்கிங், பெரிய குரங்கு மாதிரி இருக்கும். உயிர் 150, அட்டாக் 160, டிஃபென்ஸ் 100, ஸ்பெஷல் அட்டாக் 95, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 65, ஸ்பீடு 100. கூட்டினால் 670. எல்லோரும் பயப்படும் டிராகனான கார்சாம்ப்புக்கே 600தான். எண்களை மட்டும் பார்த்தால் பையன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஸ்லாக்கிங்குக்கு ட்ரூவன்ட் என்று ஒரு குணம் உண்டு. இந்த மாதிரி பிறவிக் குணத்தை எபிலிட்டி என்பார்கள். ட்ரூவன்ட் உள்ளது ஒரு முறை அடித்தால் அடுத்த முறை சும்மா உட்கார்ந்துவிடும். எதிராளி வைத்திருந்தது கிளைஸ்கோர், தேளும் வௌவாலும் கலந்த உருவம், மொத்தம் 510. ஆட்டத்தின் பதிவை மறுபடி ஓடவிட்டு, இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம்.

முதல் முறை, ஸ்லாக்கிங் பாய்கிறது. கிளைஸ்கோர் புரொடெக்ட் போடுகிறது. அந்த ஒரு முறைக்கு எந்த அடியும் படாது. இரண்டாம் முறை, ஸ்லாக்கிங் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் கிளைஸ்கோர் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆடித் தன் அட்டாக்கை இரண்டு மடங்கு ஆக்கிக்கொண்டது. மூன்றாம் முறை, ஸ்லாக்கிங் பாய்கிறது, மறுபடி புரொடெக்ட். நான்காம் முறை, இது உட்கார, அது எர்த்குவேக் விட, உயிரில் பாதி காலி. ஐந்தாம் முறை புரொடெக்ட், ஆறாம் முறை இன்னொரு எர்த்குவேக். கதை முடிந்தது. ஸ்லாக்கிங்கின் 160 அட்டாக் ஒரு தடவைகூட எதிராளியின் மேல் படவில்லை. புரொடெக்ட்டைத் தொடர்ச்சியாகப் போட்டால்தான் தவறும், ஒன்று விட்டு ஒன்று போட்டால் தவறவே தவறாது. ஸ்லாக்கிங்கும் ஒன்று விட்டு ஒன்றுதான் அடிக்கிறது. பூட்டும் சாவியும் மாதிரி பொருந்திவிட்டது.

"அப்ப 670க்கு மதிப்பே இல்லியா?" என்றான்.

அவனுக்கு நம்ம ஊர் மாடு விடும் திருவிழாவைத்தான் நினைவுபடுத்தினேன். பொங்கல் வந்தால் அணைக்கட்டுப் பக்கம் தாத்தாவோடு போய் நிற்பவன் அவன். தெருவின் இரண்டு பக்கமும் தட்டி கட்டியிருக்கும். காளையை விடுவார்கள். குறிப்பிட்ட தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்கு முதல் பரிசு. ஒரு காளை, ஒரு தூரம், ஒரு கடிகாரம். அங்கே யார் பெரியவன் என்பதற்கு ஒரே எண் போதும், பக்கத்து ஊர்க் காளை எப்படிப்பட்டது என்று கேட்கவேண்டியதில்லை. போகிமான் சண்டையில் எதிரே ஒருவன் நிற்கிறான், அவனுக்கும் புத்தி இருக்கிறது. பலம் என்பது உன் போகிமானுக்குள் பாதி, எதிரே என்ன நிற்கிறது என்பதில் பாதி. டியர் லிஸ்ட், அதாவது போகிமான்களைப் பலத்தின்படி அடுக்கும் பட்டியல், அளக்கப் பார்ப்பது இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்து.

தட்டு எப்படிப் பிரிக்கிறார்கள்

டியர் என்றால் தட்டு, அடுக்கு. மேல் தட்டில் மிகவும் பலமானவை, கீழே போகப் போகப் பலம் குறைந்தவை. இதில் இரண்டு வகைப் பட்டியல் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, கருத்துப் பட்டியல். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து பேசி, எஸ், ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு வரிசைப்படுத்துவது. ஏ-க்கும் மேலே எஸ் இருப்பது ஜப்பான்காரர்களின் பழக்கத்திலிருந்து வந்தது. யூடியூபில் வண்ணவண்ணக் கட்டங்களில் பார்ப்பதெல்லாம் இந்த வகை. போடுபவர் நல்ல ஆட்டக்காரராக இருந்தால் பயன் உண்டு, இல்லாவிட்டால் அது அவருடைய பிடித்தவை பிடிக்காதவைப் பட்டியல், அவ்வளவுதான்.

இன்னொன்று, புழக்கத்தை வைத்துப் போடுவது. 2004-இல் தொடங்கிய ஸ்மோகன் என்ற ஆட்டக்காரர் சமூகம் இதைத்தான் செய்கிறது. எனக்கு இந்த முறையின் மேல் பெரிய மரியாதை உண்டு, ஏனென்றால் இதில் யாரும் "இது பலமானது" என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஜெயிக்க விரும்பும் ஆயிரக்கணக்கானவர்கள் எதை அணியில் சேர்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். காய்கறி மார்க்கெட்டில் எந்தக் கடை நல்ல கடை என்று பலகை வைக்கவேண்டியதில்லையே, கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மேல் தட்டுக்குப் பெயர் ஓ.யூ., அதாவது ஓவர்யூஸ்டு. அதற்குள் வர 4.52 சதவீதப் புழக்கம் வேண்டும். இந்த எண்ணைப் பார்த்தவுடன் பையன் சிரித்தான், "இது இன்னா சித்தி, 5-ன்னு வெச்சா ஆவாதா?" ஆகாது, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு அணிகளில் 4.52 அணிகளில் ஒரு போகிமான் இருக்கிறது என்றால், ஓர் ஆட்டத்தில் அதை நீ சந்திக்காமல் தப்பிக்கும் வாய்ப்பு 95.48 சதவீதம். இரண்டு ஆட்டத்திலும் தப்பிக்க, 0.9548-ஐ 0.9548-ஆல் பெருக்கு. இப்படி 15 தடவை பெருக்கிக்கொண்டே போனால் கிட்டத்தட்ட 0.50 வரும். போன் கால்குலேட்டரில் அவனையே போடச் சொன்னேன், சரியாக வந்தது. அதாவது, 15 ஆட்டம் ஆடினால் ஒரு தடவையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படி இருந்தால் அதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் நீ அணி கட்ட முடியாது. அதுதான் மேல் தட்டு.

அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தவற்றுக்கு யூ.யூ., அதாவது அண்டர்யூஸ்டு, என்ற தனித் தட்டு. அங்கே ஓ.யூ. போகிமான்களுக்கு அனுமதி இல்லை. அங்கேயும் எண்ணுவார்கள், அதற்கும் கீழே ஆர்.யூ., என்.யூ., பி.யூ. என்று போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி எண்ணுவார்கள், அப்போது ஏறுவதும் இறங்குவதும் நடக்கும். தட்டு பிரிப்பதற்கு முக்கியக் காரணமே எல்லாப் போகிமானுக்கும் ஆட ஓர் இடம் கிடைக்கவேண்டும் என்பதுதான். இன்று ஆயிரத்துக்கு மேல் போகிமான்கள் இருக்கின்றன. தட்டுகள் இல்லாவிட்டால் நாற்பது ஐம்பதைத் தவிர மற்றவற்றை யாரும் தொடமாட்டார்கள்.

ஓ.யூ.-வுக்கும் மேலே ஊபர்ஸ் என்று ஒன்று உண்டு. அங்கே போவது புழக்கத்தால் இல்லை, தடையால். ஒரு போகிமான் ஓ.யூ.-வில் இருந்தால் ஆட்டமே அதைச் சுற்றி மட்டும்தான் சுழலும் என்ற நிலை வந்தால், அதை விசாரணைக்கு எடுப்பார்கள். கொஞ்ச நாள் ஆடிக் குறிப்பிட்ட தரத்தை எட்டியவர்கள் ஓட்டுப் போடலாம். சாதாரணப் பெரும்பான்மை போதாது, 60 சதவீதம் வேண்டும். மியூட்டூ மாதிரி 680 மொத்தம் உள்ளவை ஊபர்ஸில் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் 600 உள்ள கார்சாம்ப்பையும் நான்காம் தலைமுறை ஆட்டத்தில் (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது ஆட்டம் வரும், அதைத் தலைமுறை என்பார்கள்) அங்கே அனுப்பினார்கள். ஊபர்ஸுக்கே தாங்காமல் ஒன்று வந்தது: 780 மொத்தம் உள்ள மெகா ரேக்வேசா. அதற்காக எதையும் இறக்கலாம் என்று ஊபர்ஸுக்கும் மேலே ஒரு புதுத் தட்டையே திறந்தார்கள்.

எண்ணும்போது எல்லோருடைய அணிக்கும் ஒரே எடை கிடையாது. ஷோடவுனில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் செஸ்ஸில் ஆனந்துக்கும் குகேஷுக்கும் இருப்பது போன்ற ரேட்டிங் உண்டு. ஆர்பாட் ஏலோ வகுத்த அந்த முறையை 1970 முதல் உலக செஸ் கூட்டமைப்பு பயன்படுத்திவருகிறது. ரேட்டிங் அதிகம் உள்ளவர்களின் அணிதான் கணக்கில் அதிகம் எடை பெறும். பையன் ஸ்லாக்கிங்கை நூறு தடவை இறக்கினாலும் அது மேலே ஏறாது. பல தலைமுறைகளாக அது கீழ்த்தட்டுகளில்தான் இருக்கிறது.

காளை ராஜாவாக இருந்த காலம்

டியர் லிஸ்ட்டைப் போகிமானின் ஜாதகம் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய களத்தின் போட்டோ அது. இதற்கு டாரோஸை விட நல்ல சாட்சி கிடையாது.

டாரோஸ் ஒரு காளை, மூன்று வாலோடு. 1996-இல் ஜப்பானில் வந்த முதல் தலைமுறை ஆட்டத்தில் 151 போகிமான்கள். அதில் தடை செய்யப்பட்டவற்றைத் தள்ளினால் ராஜா இந்தக் காளைதான். உயிர் 75, அட்டாக் 100, ஸ்பீடு 110. நல்ல எண்கள், ஆனாலும் மலைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பிறகு எப்படி ராஜா ஆனது? அன்றைய சட்டம் அப்படி. சில சமயம் அடி இரண்டு மடங்காக விழும், அதை கிரிட்டிகல் என்பார்கள். முதல் தலைமுறையில் அதன் வாய்ப்பு ஸ்பீடைப் பொறுத்தது. அடிப்படை ஸ்பீடை 512-ஆல் வகுக்கவேண்டும். 110-ஐ 512-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வருகிறது. ஐந்து அடியில் ஓர் அடி இரண்டு மடங்கு! போதாததற்கு ஹைப்பர் பீம் என்ற பேரடி. அதை விட்டால் அடுத்த முறை ஓய்வெடுக்கவேண்டும் என்பது விதி, ஆனால் எதிரி அதில் வீழ்ந்துவிட்டால் ஓய்வு வேண்டாம் என்று அன்றைக்கு ஒரு சலுகை இருந்தது. டாரோஸ் கடைசி அடியாக அதை விட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் அடுத்த ஆளிடம் போகும்.

1999-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. கிரிட்டிகலுக்கும் ஸ்பீடுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, எல்லோருக்கும் ஏறக்குறைய 16-இல் ஒன்று என்று ஆக்கினார்கள். ஹைப்பர் பீம் விட்டால் யாராயிருந்தாலும் ஓய்வு கட்டாயம். போகிமானுக்கும் அடிக்கும் நெருப்பு, பனி மாதிரி வகை உண்டு. டாரோஸின் சாதாரண வகை அடிகளைத் தாங்கும் ஸ்டீல் என்ற புது வகை வந்தது. முன்பு ஒன்றாக இருந்த ஸ்பெஷலை இரண்டாகப் பிரித்தபோது, டாரோஸின் ஸ்பெஷல் அட்டாக் 70-இலிருந்து 40 ஆனது. அதன் பனி அடி மழுங்கியது. அட்டாக் அதே 100, ஸ்பீடு அதே 110, காளை அதே காளை. அரியணையில் ஸ்நோர்லாக்ஸ் என்ற வேறொரு போகிமான் உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த தலைமுறைகளில் இந்தச் சாதாரண டாரோஸ் அடித்தட்டுக்கே போய்விட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. காளை ஓடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான், வேறென்ன சொல்ல.

இன்னொரு உதாரணத்துக்கு நம்ம கோட்டை அகழியை நினைத்துக்கொள்ளுங்கள். நடந்து வரும் படைக்கு அது பெரிய தடை, மேலே பறக்கும் கொக்குக்கு அது ஒன்றுமே இல்லை. ஸ்பைக்ஸ் என்ற முள் பொறி அப்படித்தான். எதிராளியின் தரையில் பரப்பிவிட்டால், புதிதாக இறங்கும் ஒவ்வொன்றையும் குத்தும், பறக்கும் வகையைத் தொடாது. 2006-இல் நான்காம் தலைமுறையில் ஸ்டெல்த் ராக் என்ற புது மூவ் (போகிமான் செய்யும் அடி, வித்தை எல்லாம் மூவ்தான்) வந்தது. கூரான பாறைத் துண்டுகள் அந்தரத்தில் மிதக்கும். பறந்தாலும் தப்ப முடியாது. எவ்வளவு அடி விழும் என்பது பாறைக்கு அந்த வகை எவ்வளவு பலவீனம் என்பதைப் பொறுத்தது. சாதாரணமாக முழு உயிரில் எட்டில் ஒரு பங்கு. நெருப்பும் பாறைக்குப் பலவீனம், பறக்கும் வகையும் பாறைக்குப் பலவீனம். சாரிசார்ட் இரண்டும் சேர்ந்தது. ஆக நான்கு மடங்கு. களத்தில் கால் வைத்த கணமே பாதி உயிர் போய்விடும். எத்தனையோ பிள்ளைகளின் செல்லமான சாரிசார்ட் ஒரே ஒரு புது மூவால் படுத்துவிட்டது. அதன் 534 மொத்தத்தில் ஓர் எண்கூடக் குறையவில்லை. 2019-இல் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்ற பொருள் வந்து, அதை மாட்டினால் இந்தப் பொறிகள் எதுவும் தொடாது என்று ஆனது. பாறைக்குப் பயந்து ஒதுங்கியிருந்தவற்றில் பலதும் மறுபடி மூச்சுவிட்டன.

சின்ன எண், பெரிய வித்தியாசம்

மொத்த எண்ணை விட, அது எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். கார்சாம்ப்பின் ஸ்பீடு 102. அந்தக் கடைசி இரண்டு எதற்கு என்று தோன்றும். ஸ்பீடு 100 உள்ள போகிமான்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன, சாரிசார்டும் அதில் ஒன்று. 100-வது லெவலில் முழுப் பயிற்சி கொடுத்தால் 100 என்பது 328 ஆகும், 102 என்பது 333 ஆகும். ஐந்து புள்ளிதான் வித்தியாசம். ஆனால் யார் முதலில் அடிப்பது என்பதில் பாதி வித்தியாசம் என்று ஒன்று கிடையாது. 333 எப்போதும் முந்தும். பஸ் கிளம்பிப் போய்விட்டால் ஒரு நிமிடத்தில் விட்டாலும் பத்து நிமிடத்தில் விட்டாலும் விட்டதுதானே.

அஸுமரில் என்ற போகிமான் இதற்கு நேர் எதிர். நீல முயல், ஸ்பீடு 50, அட்டாக்கும் 50, மொத்தமே 420. ஆனால் அதன் எபிலிட்டி ஹியூஜ் பவர், அட்டாக்கை இரண்டு மடங்காக்கும். 2013-இல் ஆறாம் தலைமுறையில் ஃபேரி என்ற 18-ஆவது வகை வந்தபோது இதற்கும் அந்த வகை கிடைத்தது. டிராகன் அடி ஃபேரியின் மேல் படவே படாது. டிராகன்கள் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த களத்தில் இந்த முயல் ஓ.யூ.-வுக்கு ஏறியது. 670 குரங்கு கீழே, 420 முயல் மேலே!

இதுவரை சொன்னது ஒற்றையர் ஆட்டம். அதிகாரபூர்வ உலகப் போட்டி இரட்டையர். ஆறு கொண்டுபோய் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒரு நேரத்தில் இரண்டிரண்டாக இறக்கவேண்டும். அங்கே பட்டியல் வேறு, ஏனென்றால் களம் வேறு. 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சே ஜுன் பார்க் பச்சிரிசுவை இறக்கினார். மொத்தம் 405 உள்ள மின்சார அணில் அது. ஃபாலோ மீ என்ற மூவைப் போட்டு எதிராளியின் அடிகளைத் தன் மேல் இழுத்துக்கொண்டது. அணில் அடி வாங்கிய நேரத்தில் பக்கத்தில் நின்ற கூட்டாளி வேலையை முடித்தது. பார்க் உலகச் சாம்பியன் ஆனார். அன்று களத்தில் என்னென்ன அடிகள் வரும் என்று அவருக்குத் தெரியும். அவற்றைத் தாங்கி நிற்கும் ஆள் அணிலாக இருந்தால் என்ன, ஆனையாக இருந்தால் என்ன.

ஆகவே புதிதாக வருபவர்கள் ஒரு பட்டியலைக் கையில் எடுத்தால், எந்தத் தலைமுறைக்கு, எந்த மாதத்துக்கு, ஒற்றையரா இரட்டையரா என்று முதலில் பாருங்கள். இது தெரியாத பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மேல் தட்டிலிருந்து ஆறை அப்படியே அள்ளவும் வேண்டாம். ஆறும் பனிக்குப் பலவீனமாக இருந்தால் ஒரே ஒரு பனிக்காரன் வந்து துடைத்துவிட்டுப் போவான். உங்களுக்குப் பிடித்த ஒன்று கீழ்த்தட்டில் இருந்தால், அந்தத் தட்டிலேயே போய் ஆடுங்கள். அங்கேயும் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஆட்டமும் அதே சூட்டோடு நடக்கும்.

பையனுக்கு ஸ்லாக்கிங்கை விட மனசில்லை. அதனால் ஒரு வழி சொன்னேன். வீசிங் என்று ஒரு விஷ வாயுப் போகிமான், மொத்தம் 490. அதன் எபிலிட்டி நியூட்ரலைசிங் கேஸ். அது களத்தில் நிற்கும்வரை மற்றவர்களின் எபிலிட்டி வேலை செய்யாது. இரட்டையர் ஆட்டத்தில் பக்கத்தில் வீசிங்கை நிறுத்து, ஸ்லாக்கிங்கின் சோம்பல் போய்விடும்.

கண் விரிந்துவிட்டது. அங்கேயே அணியை மாற்றி ஆடினான். முதல் முறை ஸ்லாக்கிங் அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. "அடிக்குது சித்தி, அடிக்குது!" என்று பாயிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். மூன்றாம் முறை எதிராளி, பக்கத்திலிருந்த குரங்கைக் கண்டுகொள்ளாமல், இரண்டு பேரையும் வைத்து வீசிங்கை அடித்து வீழ்த்தினான். வாயு கலைந்தது. அடுத்த அடியோடு ஸ்லாக்கிங் மறுபடி உட்கார்ந்துவிட்டது.

ஆட்டம் போனது. இந்தத் தடவை அவன் 670 பற்றி எதுவும் கேட்கவில்லை. "வீசிங்க இன்னும் ரெண்டு முறை நிக்க வெக்கணும்னா அதுக்கு இன்னா மாட்டலாம் சித்தி?" என்று கேட்டுக்கொண்டே பொருள் பட்டியலைத் திறந்தான்.